பனி விழாத வட்டம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை அண்ணியிடம்கூடக் காட்டாதே. படித்ததும் கிழித்துப் போடு. அப்பா என் ஃபோனை வாங்கிப் பூட்டிவிட்டார். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உறையில் உன் முகவரியை முதலிலேயே எழுதி, ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன்.

சுரங்கம் இருந்த இடம் இப்போது காடு. நீ பார்த்த கறுப்பு மேடுகளில் எல்லாம் மரம் நிற்கிறது. பெரிய பள்ளம் ஏரியாகிவிட்டது, நாரைகூட வருகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை பூங்கா திறப்பு. அப்பாவுக்குக் காவலர் வேலை. உடுப்பு வந்த அன்று கண்ணாடி முன் நின்று தொப்பியை மூன்று விதமாக வைத்துப் பார்த்தார். சுரங்கம் மூடிய பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

சுரங்கத்துக்குள் காற்று இறங்க ஆழமாக வெட்டியிருந்த ஏழாவது காற்றுக்குழி நினைவிருக்கிறதா? குழிகளைக் கல் கொட்டி அடைத்தபோது அப்பா மேஸ்திரி, நீ லாரி கிளீனர். மழைச் சேற்றில் அங்கே லாரி ஏறவில்லை, மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டு மேலே மண்ணைத் தள்ளிவிட்டு வந்தோம் என்று நீதான் சிரித்துக்கொண்டே சொன்னாய். பிறகு யாரும் போகவில்லை. அடைத்தாயிற்று என்று அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

போன வாரம் பள்ளியிலிருந்து கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனோம். விடிகாலை, புல் முழுக்கப் பனி. ஓரிடத்தில் மட்டும் வட்டமாகக் காய்ந்திருந்தது. கை வைத்தால் வெதுவெதுப்பு. குடம் குடமாக ஊற்றியும் ஒரு சொட்டுத் தேங்கவில்லை.

அதுதான் ஏழாவது குழி, இன்னும் அடையவில்லை என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் அப்பாவையே கூப்பிட்டுக் கேட்டார். அப்பா கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார். அவ்வளவுதான், நான் பொய்க்காரி. பூங்காவில் வேலை கிடைத்த வீடெல்லாம் நமக்கு எதிரி. எதிர்வீட்டு அக்கா, "பனித்துளி இன்ஸ்பெக்டர் வர்றாங்க, வழி விடுங்கடி" என்கிறாள். கடைக்காரர் மிட்டாயைக் கையில் தராமல் மேஜையில் வீசிவிட்டு, "உங்கப்பன் சோத்துல நீயே மண்ணள்ளிப் போடுறியே, வெளங்குவியா?" என்றார். நேற்று ஜன்னலில் கல் விழுந்தது. நான் சிவப்புத் துணி கட்டி நட்ட கம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, என் வாயை அடைக்க அந்த வட்டத்தின் மேலேயே சிமெண்ட் பெஞ்சு போட்டுவிட்டார்கள்.

"இனி வாயத் தொறந்தா நீ என் பொண்ணே இல்ல" என்றார் அப்பா. அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் இன்று மாலை அவர் ரோந்து போவதை மரத்தின் பின்னாலிருந்து பார்த்தேன். பெஞ்சருகே வந்ததும் பாதையை விட்டு இறங்கி, முள்ளுக்குள் நடந்து, சுற்றிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த பெஞ்சில் ஏற்றி நிறுத்திப் போட்டோ எடுக்கப் போகிறார்கள். நம் தங்கச்சி குட்டியும் அந்த வகுப்புதான். புது ரிப்பன் வாங்கி வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமைக்குள் வா. நீ அந்த லாரியில் இருந்தவன், உன்னை நம்புவார்கள். அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் குழியை மட்டும் காட்டிக்கொடுக்க வழி இருக்கிறதா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வா. வழி இல்லாவிட்டாலும் வா.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா என்றால் தட்டமாட்டார், திறந்துகொண்டு வருவார். காலையில் தபால் பெட்டியில் போட, இதைக் குட்டியின் பள்ளிப் பைக்குள் செருகி