இருபத்தாறு நாள் மறைத்த சான்றிதழ்

பஞ்சகெண்ட்,
அக்டோபர் 9.

நிகினாவின் அப்பாவுக்கு மவ்ஜூதா சலாம் சொல்லி எழுதுவது.

நானும் நிகினாவும் நலம். யெகாத்தரின்பூர்கில் குளிர் தொடங்கிவிட்டது என்றீர்கள். போன வருடத்துக் காலுறைகள் இந்நேரம் கிழிந்திருக்கும் என்று இரண்டு ஜோடி புதிதாகப் பின்னியிருக்கிறேன். உலர்ந்த ஆப்ரிகாட்டும் வைத்திருக்கிறேன். அறையில் இருப்பவர்களுக்கும் கொடுங்கள். அண்ணன் இல்ஹோம் வெள்ளிக்கிழமை குஜந்தில் விமானம் ஏறுகிறார். எல்லாவற்றையும் அவரே கொண்டுவந்து தருவார்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நீங்கள் பேசும்போது பக்கத்துக் கட்டில்களில் ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்கள் காதுபட இதைச் சொல்ல முடியாது. போன் திரையில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டும் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்ட உங்கள் பிறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது. வந்து இருபத்தாறு நாளாகிறது.

பழையதில் நசருல்லோ என்றும் பாஸ்போர்ட்டில் நஸ்ருல்லோ என்றும் இருந்ததே, அதைத் திருத்தி முத்திரை போட்டு செப்டம்பர் பதின்மூன்றாம் தேதியே கொடுத்துவிட்டார்கள். நான்தான் கையெழுத்துப் போடும் அதிகாரி விடுப்பில் இருக்கிறார் என்றேன். பிறகு இயந்திரம் பழுது என்றேன். நீங்கள் நம்பினீர்கள். "சரி, நீ அலையாத. கால் வலிக்குதுன்னு சொன்னியே, ஆபீஸ் எங்க ஓடிப்போகுது" என்று எனக்கே ஆறுதல் சொன்னீர்கள்.

சான்றிதழைக் குளிர்கால மெத்தைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு நான்கு முறை எடுத்துப் பார்ப்பேன். அனுப்பிவிடலாம் என்று உறையில் போடுவேன். அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் மறுபடி மெத்தைக்குள் போய்விடும்.

ரஷ்யக் குடியுரிமை வாங்குங்கள் என்று உங்களைப் பிடித்துத் தள்ளியவளே நான்தான். அதை நான் மறக்கவில்லை. போன பிப்ரவரியில் வேலை உரிமச் சீட்டு சட்டைப்பையில் இருக்கும்போதே போலீஸ்காரர்கள் உங்களைப் பேருந்திலிருந்து இறக்கி இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்களே, வெளியே வந்து பேசியபோது குளிரில் உங்கள் பல் தந்தியடித்தது போனில் கேட்டது. அப்போதுதான் சொன்னேன்: "அந்த பாஸ்போர்ட்டையும் வாங்கிடுங்க. நம்மளோடத யாரும் பிடுங்கப் போறதில்ல. ரெண்டையும் வச்சுக்கலாம். அப்புறம் எவனும் உங்களை இறக்க மாட்டான்."

நீங்களும் வெல்டிங் வேலைக்கு நடுவில் ரஷ்ய இலக்கணம் படித்துத் தேர்வு எழுதினீர்கள். முப்பத்தெட்டு வயதில் தேறிவிட்டேன் என்று நீங்கள் சிரித்த சிரிப்பு நிகினாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த வருடம் அங்கே வந்து நீச்சல்குளம் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சேரப்போவதாக வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஆனால் சான்றிதழ் வாங்கிய அன்று, வரும் வழியில் நிகினாவின் பாவாடையைத் தைக்கக் கொடுக்க ராபியாவின் கடைக்குப் போனேன். கடைசித் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாளே, அவள்தான். அவள் கணவர் தாலெர் மார்ச் மாதம் குடியுரிமை உறுதிமொழி எடுத்து ரஷ்ய பாஸ்போர்ட் வாங்கினார். நாங்கள் எல்லோரும் ராபியா வீட்டுக்குப் போய்ப் புலாவ் சாப்பிட்டு வாழ்த்திவிட்டு வந்தோம். ரஷ்யக் குடிமகன் ஆகிவிட்டதால் ஜூனில் ராணுவப் பதிவுக்கு வரச் சொன்னார்களாம். பெயரை எழுதிவிட்டு மதியம் வேலைக்குத் திரும்பலாம் என்று போனவர். ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். போர் நடக்கிற பக்கம் பதுங்குகுழி வெட்டுகிறேன் என்று ஒருமுறை கூப்பிட்டாராம். ஆகஸ்டுக்குப் பிறகு குரலே கேட்கவில்லை. இதையெல்லாம் ராபியா துணியை அளந்துகொண்டே சொன்னாள். சான்றிதழ் என் கைப்பையில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒளித்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாவாடை வாங்கப் போனபோது அவளிடம் மட்டும் இதைச் சொன்னேன். நல்ல காரியம் செய்தாய் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தையல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"அனுப்புன்னும் சொல்ல மாட்டேன், அனுப்பாதேன்னும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு கேட்டுக்க. என் வீட்டுக்காரர் போறதுக்குப் பத்து நாள் முன்னாடியே அவருக்கு அழைப்பு வந்திருக்கு. நான் பயந்துடுவேன்னு எங்கிட்ட சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா தடுத்திருப்பேனான்னு தெரியாது. என்னை ஒரு வார்த்தை கேக்கலையேன்னு இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கல. நீயும் அதையேதான் உன் வீட்டுக்காரருக்குச் செஞ்சுக்கிட்டிருக்க."

பாவாடையை வாங்காமலே வந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தோடு சான்றிதழ் இருக்கிறது. மடிப்பில் லேசாகக் கசங்கியிருக்கிறது, என் கைதான் காரணம். இருபத்தைந்தாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் குடியுரிமை விண்ணப்பம் தள்ளுபடியாகும், மாதக் கடைசியில் வேலை உரிமமும் முடிகிறது என்று நீங்கள் சொன்னதை நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். இன்னும் நேரம் இருக்கிறது. நீங்கள் என்மேல் கோபப்படவும் நேரம் இருக்கிறது.

திரும்பி வந்தால் இங்கே என்ன செய்வேன் என்று கேட்பீர்கள். தக்காளி பதனிடும் ஆலையில் வெல்டிங்குக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அண்ணன் சொல்கிறார். நீங்கள் இப்போது வாங்குவதில் கால்வாசிகூட வராது. இரண்டே மாதத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். போன தடவை வந்தபோது அப்படித்தான் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் அங்கே இருந்தாலும் பயமாக இருக்கிறது, வந்தாலும் பயமாக இருக்கிறது. மாவு பிசைந்துகொண்டே பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரிவதில்லை. எல்லோரையும் அப்படிப் போருக்கு அனுப்புவதில்லை, ரஷ்ய பாஸ்போர்ட் வாங்கிய உங்கள் மேஸ்திரிக்கு நான்கு வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் மனம் என்ன சொல்கிறது என்றால், வந்துவிடுங்கள் என்கிறது. இதை இந்த ஒருமுறைதான் எழுதுகிறேன். நீங்கள் சான்றிதழைக் கொடுத்து உறுதிமொழி எடுக்கப் போனால் மறுபடி சொல்லிக் காட்ட மாட்டேன். நிகினாவின் துணிமணிகளைக் கட்டி வைக்கத் தொடங்குவேன். ஆனால் போகிற அன்று காலையில் கூப்பிட்டு, போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அதற்குப் பிறகு எங்கிருந்து என்ன அழைப்பு வந்தாலும் போவதற்கு முன்னால் எனக்குச் சொல்லுங்கள். நான் பயப்படுவேன் என்று மறைக்க வேண்டாம். நான் ஏற்கெனவே பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

காலுறையை இன்றே போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பட்டியலிலும் உங்கள் பெயர் ஏறாமல் இறைவன் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள்,
மவ்ஜூதா