அப்பா கெடுத்த டேக்குகள்

மார்ச் 4
இன்றோடு ஒன்பது நாளாகத் தம்பியின் படத்தை எடிட் செய்கிறேன். ஒரு மணி நேரம் ஓடுகிறது. பெரியவர் ஒருவர் எழுகிறார், சட்டைக்கு இஸ்திரி போடுகிறார், மாட்டிக்கொள்கிறார், எங்கும் போகாமல் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான்! நடிகர் கிடைக்காததால் பெரியவராக வருவது எங்கள் அப்பா. "இந்த ஆளுக்கு என்னடா வேணும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம்கா. அதான் படமே" என்கிறான். இதில் பெருமை வேறு.

மார்ச் 5
ஒருத்தனுக்கு ஏதாவது வேண்டும், அதை ஏதாவது தடுக்க வேண்டும், கடைசியில் கிடைத்ததா இல்லையா என்று தெரிய வேண்டும். இதுகூட இல்லாமல் என்ன கதை? கரடியாய்க் கத்தினேன். "நீ பழைய ஆளுக்கா" என்றான். எனக்கு முப்பத்தாறு வயசுதாண்டா!

மார்ச் 7
தயாரிப்பாளர் பார்த்தார். பாதியிலேயே போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார். பதினைந்தாம் தேதிக்குள் கதை என்று ஒன்று தெரியாவிட்டால் படத்தை மூட்டை கட்டி வைத்துவிடுவாராம். இருந்த வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் இதிலேயே கிடந்தவன் தம்பி. வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தான். அதற்கு என்னோடு சண்டையாவது போட்டிருக்கலாம்.

மார்ச் 8
தலைவலி.

மார்ச் 10
வேறு வழியில்லாமல், தம்பி 'வேண்டாம்' என்று ஒதுக்கியவற்றைப் பார்த்தேன். அப்பா கெடுத்த டேக்குகள், மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் ஒரே தப்பு! சட்டையை மாட்டியதும் கேமராவுக்கு இடப்பக்கம் பார்க்கிறார். இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் அங்கேயே பார்க்கிறார். உடனே தம்பியின் குரல்: "இங்க பார்க்காதீங்கன்னா கேக்கவே மாட்டீங்களாப்பா?"

அங்கே நின்றிருந்தது அவன்தான். சரியாகச் செய்தேனா என்று மகனைப் பார்த்துக் கேட்கிறார் மனுஷர். ஒரு தடவைகூட அவன் நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை.

அட முட்டாள் தம்பி, அப்பாவுக்கு வேணுங்கிறதும் இங்கதானே இருக்கு, தடுக்கிறவனும் இங்கதானே நிக்கிறான்! நான் மட்டும் என்ன, அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னேனா? அழுதுவிட்டேன்.

மார்ச் 12
ஒதுக்கியதை வைத்தே படத்தைக் கோத்தேன், அவன் அதட்டுகிற குரலோடு. பார்த்தான்.
"என்னை வில்லனாக்கிட்டியேக்கா."
"நான் ஆக்கலடா."
கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

மார்ச் 14
காலையில் கேமராவோடு வந்து நிற்கிறான். "முடிவு இல்லையேக்கா. எடுக்கணும்."

கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அப்பாவின் நடிப்பைப் பாராட்டி வசனம் எழுதி வைத்திருந்தான். வாயைத் திறந்தான், வரவில்லை. மறுபடியும் வரவில்லை. முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

அப்பா அவன் முழங்காலில் தட்டினார். "கஷ்டமா இருக்குல்ல?"

தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கட் சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை.

நாளைக் காலையில் தயாரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.