ஒத்துப்போன இரண்டு முடிவுகள்

இன்று காலை ஆலைக்கு, எண்ணெயைக் கரைக்கிற ஆல்கஹால் புதுப் போத்தலில் வந்தது. மூடியைத் திறந்ததும் அந்த நெடியும் சூடான செம்பனை எண்ணெயின் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏற, "நீ ஊத்து, நான் குலுக்குறேன்" என்று உன்னிடம் சொல்லத் திரும்பிவிட்டேன். பக்கத்தில் நீ இல்லை.

ஜொகூரில், ரெங்கம் பக்கத்து இந்தச் செம்பனை எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் நீயும் நானும் எத்தனையோ வருடம் ஒரே மேசையில் டைட்ரேஷன் செய்தோம். எண்ணெயில் எவ்வளவு அமிலம் என்று பார்ப்பதுதான் வேலை. பியூரெட் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் ரோஜா நிறம் நிலைத்ததும் நிறுத்த வேண்டும். அதுதான் எண்ட் பாயிண்ட். எனக்கோ பொறுமை கிடையாது. ஒரு சொட்டு கூடி, நிறம் அடர்ந்துவிடும். "அலமாக்! இது என்னடி, சிராப் பண்டோங்கா? ஐஸ் போட்டுக் குடிச்சிரலாம் போல" என்பாய். கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

டூப்ளிகேட் போடாமல் எதையும் எழுத மாட்டோம். ஒரே சாம்பிளை நீ ஒருமுறை, நான் ஒருமுறை சோதிப்போம். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால்தான் மூன்றாவது.

குளுவாங் ஆஸ்பத்திரியில் உன் ரத்தத்தைச் சோதித்து ரத்தப் புற்றுநோய் என்றார்கள். "எங்கயாச்சும் தப்பு நடந்திருக்கும்லா, டூப்ளிகேட் போட்டுப் பாத்துருவோம்" என்று ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு உன்னை இழுத்துப் போனேன். காத்திருந்த நேரமெல்லாம், இது வேறாக வரட்டும் சாமி, கொஞ்சமும் ஒத்துப்போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். நம் வேலையில் இருக்கிற யாராவது அப்படி வேண்டுவார்களா? இரண்டும் ஒத்துப்போயின.

இன்னோர் இடத்தில் பார்க்கலாம் என்று அழுதேன். நீ காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாய்.

"மூணாவது எதுக்குடி? அதான் ரெண்டும் ஒத்துப்போச்சுல்ல. வா, பசிக்குது, சாப்பிடப் போலாம்."

ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் ரொட்டி சானாயைப் பிய்த்துத் தின்றாய். அன்றைக்கு உன்மேல் வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது உன் இடத்தில் நிற்கும் பெண் கவனமானவள். அவள் முடிவும் என் முடிவும் ஒத்துப்போனால், "ஓகேலா அக்கா" என்று சிரிக்கிறாள். நானும் தலையாட்டிவிட்டு எழுதிவிடுகிறேன். எண்ணெய்க்கு அது போதும். உனக்கு மட்டும், நீ போய் ஒரு தீபாவளியும் கடந்துவிட்ட பிறகும், மனசுக்குள் அந்த மூன்றாவது சோதனையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.