கோடும் சைபரும்

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். நீயும் மருமகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு நான் ஓடிவந்துவிட்டதாக உன் அத்தை எல்லோரிடமும் சொல்கிறாளாம். தவறு. நியமனக் கடிதம் வந்தது, புறப்பட்டேன். சண்டை அதற்கு முந்தின வாரம்.

எந்த நாடு எத்தனை கார் ஹாரன், விளக்கு, ஸ்டார்ட்டர் மோட்டார் செய்தது என்று ஒப்பிடும் ஆண்டுப் புத்தகத்துக்கு இங்கே பிழை திருத்துகிறேன். நேற்று நம் நாட்டுக்கு நேரே, ஹாரன் கட்டத்தில், சைபர் இருந்தது. உன் அப்பா முப்பது வருடம் ஹாரன் செய்த நாடு! சைபரை அடித்துவிட்டுக் கோடு போட்டேன்.

மேலாளர் சிரித்தார். "என்னம்மா, சொந்த நாட்டுப் பாசமா?"

"பாசத்தை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன் சார். ஒண்ணுமே செய்யலைன்னாதான் சைபர். தகவல் வரலைன்னா கோடு. உங்க புத்தகத்துல முதல் பக்கத்துலயே இருக்கு, படிச்சுப் பாருங்க."

"அஞ்சு மாசமா கேட்டாச்சு. இனிமே எங்கம்மா வரப்போகுது?"

"வர்ற வரைக்கும் கோடுதான்" என்றேன். 

உனக்கு எழுதிய நான்கு கடிதங்களின் தேதிகளுக்கு நேரே என் டைரியிலும் கோடுதான் போட்டு வைத்திருக்கிறேன்.

என் மூக்குக்கண்ணாடிக் கடைச் சீட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது, அனுப்பு. தபால்காரர் பெட்டியைத் திறந்து கடிதங்களை எடுக்கும் நேரமாகிவிட்டது. சீட்டோடு உன் கையால் இரண்டு வரி பதில் எழுது.

அம்மா