சீன வண்டியும் என் முடிவும்

அன்புள்ள என்னவருக்கு, அமிர்தவல்லி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ரிடையரான டீச்சருக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு, அதுவும் சீனாவில் செய்தது எதற்கு என்று போனில் கேட்டீர்கள். புதுப்பட்டினத்தில் டியூஷன் முடிந்தபின் பஸ்ஸுக்கு நின்றே பொழுது போகிறது; இதையும் பஸ் ஸ்டாப்பில்தான் எழுதுகிறேன். நேற்று அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தேன். மணலில் சரிந்து உட்கார்ந்தேன், காயமில்லை. உப்புக்காற்று ஊர் என்பதால், என்னிடம் டியூஷன் படிக்கும் பெண்ணின் அப்பா மெக்கானிக் ஜாவித் முதலில் ஸ்க்ரூக்களைத்தான் பார்த்தார்.

"சைனா வண்டின்னா இன்னா, துருவே புடிக்கல டீச்சரம்மா. ஸ்பேர்தான் லேட்டா வரும்."

"உங்க பொண்ணோட ஹோம்வொர்க்கைவிட சீக்கிரமா வந்துடும்" என்றேன்.

வாங்கப்போகிறேன். இது அனுமதி கேட்டு எழுதும் கடிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே என் வாடகை அறையில் பேச ஆளில்லை. வண்டி இருந்தால் மாமல்லபுரம் வரையாவது போய் வருவேன். நம் பழைய ரேடியோவைப் பார்சலில் அனுப்புங்கள்.

பஸ் வந்துவிட்டது. உங்கள் தலைமாட்டில் இருக்கும் டார்ச்சைத் திருப்பி, எங்கே செய்தது என்று படித்துப் பாருங்கள்.