தூங்க விடாத காவல்

பிட்கர்ரி, ஸ்காட்லாந்து
1662 ஆகஸ்ட் 4

அன்பு கிரிஸெல்,

நான் நலம். தாய் வீட்டில் நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன். நீ இல்லாமல் தினமும் கஞ்சி அடிப்பிடிக்கிறது.

பிறர் சொல்லி நீ கேட்குமுன் நானே எழுதுகிறேன். மருத்துவச்சி ஜோனெட்டைச் சூனியக்காரி என்று பிடித்து ஆலயக் கோபுரத்தில் அடைத்திருக்கிறோம். சபை மூப்பர்கள் முறைவைத்துக் காவலிருந்து, கண் சொருகும்போதெல்லாம் உலுக்கி எழுப்பினார்கள். நான்காம் இரவு, "கறுப்புக் கோட்டுக்காரன் வந்தான். கை குடுன்னான், குடுத்தேன்" என்று சாத்தானோடு கைகோத்ததை ஒப்புக்கொண்டாள். போதகன் என்ற முறையில் அந்த வாக்குமூலத்தில் நானும் கையெழுத்திட்டேன். எடின்பரோவிலிருந்து நீதிபதி வருகிறார். களையைப் பிடுங்கினால்தானே பயிர் பிழைக்கும்?

உன் நினியன்


ஆகஸ்ட் 8

அன்புள்ள கணவருக்குக் கிரிஸெல் எழுதுவது.

நம் மகனை உயிரோடு எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். அன்று என் பக்கத்தில் இருந்தது ஜோனெட். நீங்கள் அடுத்த அறையில் நடுங்கிக்கொண்டிருந்தீர்கள். "ஐயாவுக்கு முதல்ல கொஞ்சம் தண்ணி குடுங்க, விழுந்துரப் போறார்" என்று அவள் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இந்தப் பிரசவத்துக்கும் அவளை நம்பித்தான் இருந்தேன்.

தூங்க விடாமல் வதைத்து வாங்கியது சாட்சியா? ஒருதரம் நீங்களும் அப்படி உட்கார்ந்து பாருங்கள். பிறகு பிரசங்கம் செய்யலாம்.

கோபத்தோடு,
கிரிஸெல்


ஆகஸ்ட் 16

அன்பு கிரிஸெல்,

உன் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அவ்வளவு ஆத்திரம்.

அதற்குள் ஹெர்ரிங் மீன் கூட்டம் வந்து, மீனவர்களான மூப்பர்கள் எல்லோரும் கடலுக்குப் போய்விட்டார்கள். தீர்ப்பு வரை அவளை ஆழ்ந்து தூங்க விடக்கூடாது, கனவில் சாத்தான் வந்து வாக்கை மாற்றிவிடுவான் என்பது இங்குள்ள நம்பிக்கை. காவல் முழுவதும் என் தலையில் விழுந்தது. மூன்றாம் நாள் பட்டப்பகலில், செத்துப்போன என் அப்பா கறுப்புக் கோட்டோடு கதவருகே நின்றார். "கை குடுடா" என்றார். எழுந்து கையை நீட்டினேன்.

"உங்களுக்கும் வந்துட்டானா ஐயா?" என்றாள் ஜோனெட். "செத்த நேரம் கண்ணை மூடுங்க. போயிருவான்."

வெட்கத்தில் அழுதேன். அவளைத் தூங்கச் சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டேன். விழித்ததும், "நான் யாரையும் பாக்கலையே, என்ன சொன்னேன் நான்?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

நேற்று நீதிபதியிடம் முறையிட்டேன். "சொன்னது சொன்னதுதான், போதகரே" என்றார். வெள்ளிக்கிழமைக்கு விறகு அடுக்கச் சொல்லியாயிற்று. அதனால் இன்று காலை என் வாக்குமூலத்தையும் எழுதிக் கொடுத்தேன். கறுப்புக் கோட்டுக்காரன் வந்தான், நானும் கை கொடுத்தேன் என்று. ஒன்று எங்கள் இருவரையும் எரிக்கட்டும், இல்லை இரண்டு தாளையும் கிழிக்கட்டும்.

"தூக்கமில்லாம உமக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றார் அவர்.

"அதையே அவளுக்கும் எழுதுங்க" என்றேன்.

என் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்குப் பயமாயிருக்கிறது கிரிஸெல். ஜெபித்துக்கொள்.

நினியன்


ஆகஸ்ட் 23

கிரிஸெல்,

என் தாளை மட்டும் கிழித்தார்கள்.

நேற்று ஜோனெட்டை எரித்துவிட்டார்கள். எரிக்கும் கட்டை வரை கூடவே நடந்தேன். "கிரிஸெல் தாயிக்கு இது எத்தனையாவது மாசம்?" என்று கேட்டாள். சொன்னேன். "பிள்ளை திரும்பலைன்னா இடது பக்கமா படுக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவள் சொன்னபடி செய். நான் அங்கியைக் கழற்றி மூப்பர்களிடம் கொடுத்துவிட்டேன். அவளைக் கொன்ற தாளில் இருப்பது என் கையெழுத்து. உன் முகத்தில் விழிக்க நான் வரலாமா?

நினியன்