லைன் வாசல் தாழ்ப்பாள் உள்பக்கம் வேண்டும்

அனுப்புபவர்:
வீராயி, சித்தன் பெண்சாதி, காப்பித் தோட்டக் கூலி,
கருங்காலிமேடு எஸ்டேட், வாழவந்தி அருகே, சேர்வராயன் மலை.

பெறுபவர்:
சேலம் ஜில்லா கலெக்டர் துரையவர்கள் சமூகம்.

பொருள்: எங்கள் முதலாளி மந்திரியாகத் தகுந்தவரா என்று சட்டசபையில் எழுந்த கேள்வியும், எங்கள் வாசல் பூட்டும்.

மதிப்பிற்குரிய துரையவர்களுக்கு,

1. எங்கள் எஸ்டேட் முதலாளி பொன்னுவேல் அவர்களை மந்திரியாக்கப் போகிறார்களாம். கூலிகளை ராத்திரியில் வெளிப்பூட்டுப் போட்டு அடைப்பவர் அதற்குத் தகுந்தவரா என்று சட்டசபையில் ஒரு மெம்பர் கேட்டாராம். சிறுத்தைக்குப் பயந்து கூலிகளே கதவு கேட்டார்கள் என்று சர்க்கார் தரப்பில் பதில் சொல்லப்பட்டதாம். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் இதைப் பத்திரிகையில் படித்துக் காட்டி, எங்களைக் கைதட்டச் சொன்னார். தட்டினோம். தட்டாமல் எங்கே போவது?

2. கதவு கேட்டது மெய். கேட்டவள் நானேதான். மூன்று வருஷத்துக்கு முன் நாங்கள் குடியிருக்கும் லைனுக்குள் சிறுத்தை புகுந்து ஆட்டைத் தூக்கிப் போயிற்று. சுற்றிலும் கல்சுவர், ஒரே வாசல். அதற்குக் கதவு போட்டு, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்துத் தரும்படி கும்பிட்டுக் கேட்டேன். கதவு வந்தது. தாழ்ப்பாளும் பூட்டும் வெளிப்பக்கம் வந்தன. சாவி பங்களாவுக்குப் போயிற்று. அந்தப் பூட்டு சிறுத்தைக்கா எங்களுக்கா என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

3. சென்ற வருஷம் ஆனி மாதம் என் மகள் அம்மணிக்கு வலி கண்டது. சொல்லியனுப்பிய மருத்துவச்சி ஆராயி வந்து சேருமுன் பூட்டிவிட்டார்கள். காவல்காரன் மாதையன், "சாவி எங்கிட்ட இல்லீங்க அக்கா, மொதலாளிய எழுப்புனா எம்பொழப்புப் போயிருமுங்க" என்று அழுதான். ஆராயி வெளியே நின்றபடி, "ஏனுங்க, தல தெரியுதுங்களா? என்னான்னு சொல்லுங்க" என்று கதவிடுக்கில் கத்தினாள். தலை தெரியவில்லை, கால்தான் தெரிந்தது. விடிந்து கதவு திறந்தபோது பிள்ளை செத்திருந்தது.

4. தாங்கள் விசாரணைக்கு வருவதாகச் சொல்கிறார்கள். அன்று கதவு விரியத் திறந்து, மாவிலைத் தோரணமும் கட்டியிருக்கும். முதலாளி பக்கத்தில் நிற்க, தாங்கள் கேட்பதை ரைட்டர் எங்களிடம் கேட்பார். குறையொன்றுமில்லை என்போம், நானும் அப்படித்தான் சொல்வேன். தாங்கள் மலை இறங்கிப் போவீர்கள், நாங்கள் உள்ளே இருப்போம். ஆகவே சொல்லாமல் கொள்ளாமல், விளக்கு வைத்த பிறகு வாருங்கள். எங்களை ஒன்றும் கேட்க வேண்டாம். கதவைத் தள்ளிப் பாருங்கள்.

5. அம்மணிக்கு மறுபடியும் இது நிறைமாதம். முதலாளி மந்திரியாகட்டும், ஆகாமல் போகட்டும், அது பெரியவர்கள் பாடு. அவளுக்கு வலி காணுமுன் தாழ்ப்பாளை உள்பக்கம் மாற்ற உத்தரவிட வேண்டுமாய்த் தங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

வீட்டுக்கு ஒருவரைத்தான் சந்தைக்கு விடுகிறார்கள். மற்றவர்கள் உள்ளே இருப்பதால் வந்தவர் திரும்பிப் போயே தீர வேண்டும். பூட்டுமுன் நான் மலையேற வேண்டியிருப்பதால் இத்துடன் கைநாட்டு வைக்கிறேன்.

இடம்: குப்பனூர் சந்தை
சுக்கில வருஷம், கார்த்திகை மாதம் 10ந் தேதி (1929)

இப்படிக்கு,
வீராயி, இடக்கைப் பெருவிரல் ரேகை
(அவள் சொன்னபடி எழுதி வாசித்துக் காட்டப்பட்டது.)